எட்டுத் தந்திகளும் ஓர் ஆபீஸ் உத்தியோகமும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்திலிருந்து கேட்டதும், ஹாஸ்டல் கலாட்டா, மெஸ் சாம்பார் என்று எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மாண்டலின் பற்றி எழுதுகிறேன். என் அறைத் தோழர்களுக்கு ஞாபகம் இருக்கும், பரீட்சை நேரத்தில்கூட ‘டொய்ங் டொய்ங்’ என்று அவர்கள் உயிரை வாங்கியவன் நான். வேலைக்குச் சேர்ந்ததும் மாண்டலின் பரணில் ஏறிவிட்டது. கேட்டால், “எங்கே சார் நேரம்?” என்பேன்.

சென்ற வருஷம் ஓர் இரவு, 1967-இல் வெளிவந்த ‘விப்ரசோய்ஸ்’ என்ற பிரேசில் நாட்டு இசைத்தட்டைக் கேட்டேன். ‘அதிர்வுகள்’ என்று அர்த்தம். பாட்டு இல்லை, வெறும் வாத்தியம்தான். ஆனாலும் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று தேடிப் படித்ததில் கிடைத்த சரித்திரம் இது.

1840-களில் ஐரோப்பாவின் போல்கா நடனம் ரியோ டி ஜெனிரோவுக்கு வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் லுண்டு இசை அங்கே முன்பே இருந்தது. இரண்டும் கலந்து, 1870-களில் புல்லாங்குழல் கலைஞர் ஜோவாக்கிம் கலாடோ போன்றவர்களிடம் உருவானது ‘ஷோரோ’. போர்த்துகீசிய மொழியில் ‘ஷோரார்’ என்றால் அழுவது. பெயருக்கு வேறு விளக்கங்களும் உண்டு. கேட்டவர்கள் இதைத்தான் ஒப்புக்கொள்வார்கள்.

இதை வளர்த்தவர்களில் பலர் தபால் ஆபீஸ் ஊழியர்கள், சிறு குமாஸ்தாக்கள். பகலில் வேலை, ராத்திரியில் யாராவது ஒருவர் வீட்டில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பு. அந்தப் பழைய கலைஞர்களைப் பற்றி 1936-இல் புத்தகம் எழுதி வைத்தவரும் ஒரு தபால்காரர்தான்.

அந்த வழியில் வந்தவர் ஜேக்கப் பிட்டன்கோர்ட். 1918-இல் ரியோவில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது அம்மா வயலின் வாங்கிக் கொடுத்தார். பையனுக்கு வில் பிடிக்கவில்லை. கொண்டை ஊசியால் தந்தியை மீட்டினானாம்! இவனுக்கு வேண்டியது மாண்டலின் என்று யாரோ சொல்ல, பிறகு நாடே அவரை ‘ஜேக்கப் டோ பாண்டொலிம்’, அதாவது மாண்டலின் ஜேக்கப் என்று அழைத்தது. இவ்வளவு புகழ் வந்த பிறகும் அவர் நீதிமன்ற எழுத்தர் வேலையை விடவில்லை. சம்பளம் வந்ததால், இசைத்தட்டுக் கம்பெனி சொன்னதை வாசிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

இனி கொஞ்சம் நம்ம இன்ஜினியரிங். மாண்டலினில் நான்கு ஜோடி, ஆக எட்டுத் தந்திகள். வயலினில் வில் ஓடும் வரை நாதம் நிற்கும். மாண்டலினில் மீட்டிய மறுகணமே நாதம் தேயத் தொடங்கிவிடும். அதை மறைக்க விடாமல் படபடவென்று மீட்டுவார்கள். ஜேக்கப் எல்லா இடத்திலும் அப்படிச் செய்வதில்லை. சில ஸ்வரங்களைத் தேய விட்டுவிடுகிறார். போகப் போகிறது என்று தெரிந்தே நாம் கேட்கிறோம். தொண்டையை அடைப்பது அந்த இடம்தான்.

1960-களில் போஸா நோவாவும் ராக் இசையும் வந்து ஷோரோவை ஓரம் கட்டின. ஜேக்கப் விடவில்லை. வீட்டில் நண்பர்களைக் கூட்டி வாசித்தார். பழைய இசைப் பிரதிகளைத் தேடிச் சேர்த்தார். 1969 ஆகஸ்ட் 13 அன்று, முதிய மேதை பிஷிங்கின்யாவைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர் மாரடைப்பால் காலமானார். வயது 51. அவருடைய ‘எபொகா டி ஓரோ’ குழு தொடர்ந்து வாசித்தது. 1970-களில் ஷோரோவுக்கு மீண்டும் உயிர் வந்தது. 2024-இல் பிரேசில் அரசு அதைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

படிக்கும் தம்பி தங்கைகளே, வேலை கிடைத்ததும் கையிலிருப்பதைப் பரணில் போட்டுவிடாதீர்கள். வேலையால்தான் நேரம் இல்லை என்று நான் சொல்லி வந்தது பொய். ஜேக்கப்புக்கு அந்த வேலைதான் துணை நின்றது.

போன மாதம் மாண்டலினை இறக்கினேன். இரண்டு தந்தி துருப்பிடித்து அறுந்திருந்தது. மாற்றிவிட்டேன். விரல் வலிக்கிறது. அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வருகிறேன். பழைய அறைத் தோழர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாவது வந்து சேருங்கள்!