கடலில் போட்ட கட்டை, 'லாக் இன்' ஆன கதை

ஆங்கிலத்தில் வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து புதுப் பொருள் தரும் ஃபிரேசல் வெர்ப்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கணினிக்குள் நுழைவதைச் சொல்லும் 'லாக் இன்' ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் 'லாக்' என்றால் மரக்கட்டை, 'இன்' என்றால் உள்ளே. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பிறந்த கதை தெரிந்தவருக்கோ அது மறக்காது.

பாய்மரக் கப்பல் என்ன வேகத்தில் போகிறது என்பதை அறிய மாலுமிகள் நம்பியிருந்தது ஒரு மரக்கட்டையைத்தான். வில்லியம் போர்ன் 1574-இல் வெளியிட்ட கடற்பயண நூலிலேயே இந்த முறை இருக்கிறது. பின்னாளில் அந்தக் கட்டை, கால்வட்ட வடிவப் பலகையாக மாறியது. வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பார்கள். அதனால் அது தண்ணீரில் நிமிர்ந்து நின்று, கப்பலோடு இழுபடாமல் போட்ட இடத்திலேயே கிடக்கும். கப்பலின் பின்பக்கத்திலிருந்து அதைக் கடலில் போட்டதும், கட்டிய கயிறு உருளையிலிருந்து விறுவிறுவென்று ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல் கடிகாரத்தில் மணல் தீர்வதற்குள் 5 முடிச்சு ஓடிவிட்டால் வேகம் 5 'நாட்', அதாவது மணிக்கு 5 கடல் மைல். 'நாட்' என்றால் முடிச்சு; கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்' கணக்கில் சொல்வது இதனால்தான். பலகையைத் திரும்ப இழுக்கவும் ஒரு நுட்பம் வைத்திருந்தார்கள்: கயிற்றை வெடுக்கென்று சுண்டினால் பலகையில் செருகிய முளை கழன்றுகொள்ளும், பலகை படுத்துவிடும், சிரமமில்லாமல் வந்து சேரும்.

அளந்த வேகத்தை எழுதிவைத்த ஏடு 'லாக் புக்'. காற்றும் திசையும் அன்றாட நடப்பும் அதிலேயே ஏறின. காலப்போக்கில், பதிவு செய்வதற்கே 'லாக்' என்பது வினைச்சொல்லாயிற்று.

அந்த வினைச்சொல் பிறகு கணினிக்கும் வந்தது. 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பை இயக்கிக் காட்டியது. கணினி நேரம் அன்று அரிய பொருள். யார் வந்தார், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று கணக்கு வைத்தாக வேண்டும். அந்த அமைப்பில் வேலையைத் தொடங்குகிறவர் தட்டிய கட்டளை 'லாகின்', முடித்துக்கொள்ளத் தட்டியது 'லாகவுட்'. அலுவலக வருகைப் பதிவேட்டில் வந்ததையும் போனதையும் குறிப்பதுபோலத்தான்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வினையாக வந்தால் இரண்டு சொல்லாகப் பிரித்தும், பெயர்ச்சொல்லாக வந்தால் ஒன்றாகச் சேர்த்தும் எழுதுவார்கள். இறந்த காலம் 'லாக்டு இன்'. இறந்த காலத்தைக் காட்டும் வால் முதல் சொல்லில்தான் ஒட்டும், 'இன்' அப்படியே இருக்கும்.