மாரடைப்பில் உறைவுக்கரைப்பியும் ஆஞ்சியோபிளாஸ்டியும்

அடைபட்ட இதயத் தமனியை ஆஞ்சியோபிளாஸ்டியால் திறப்பதற்குச் சற்று முன் உறைவுக்கரைப்பி மருந்தும் கொடுத்தால் பலன் கூடும் என்று நம்பப்பட்டது. 2006இல் வெளியான அசென்ட்-4 ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. டெனெக்டிபிளேஸ் என்ற கரைப்பி ஏற்றிய கையோடு ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்பட்டோரில் 6 விழுக்காட்டினர் மருத்துவமனையிலேயே இறந்தனர். மருந்து பெறாதோரில் 3 விழுக்காட்டினர். ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அதற்காக மருந்தையே குற்றம் சொல்வது அவசர முடிவு. கரைப்பி ஏற்றியதும் இரத்தத் தட்டணுக்கள் தூண்டப்பட்டு, மீண்டும் உறையும் போக்கு சிறிது நேரம் மிகுகிறது. அந்த வேளையில் தமனிக்குள் குழாய் நுழைந்ததே வினையாகியிருக்கலாம்.

2013இல் வந்த ஸ்ட்ரீம் ஆய்வு இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. வலி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் வந்தும், ஒரு மணி நேரத்தில் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு வழியில்லாதவர்களே இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு உடனே மருந்து. 6 முதல் 24 மணி நேரத்தில் ஆஞ்சியோகிராம். மறு பிரிவினருக்குத் தாமதமானாலும் நேரடி ஆஞ்சியோபிளாஸ்டி. இறப்பு, இதய அதிர்ச்சி, இதயச் செயலிழப்பு, மறு மாரடைப்பு ஆகியவற்றின் கூட்டு விகிதம் 30 நாளில் மருந்துப் பிரிவில் 12.4 விழுக்காடு, நேரடி ஆஞ்சியோபிளாஸ்டியில் 14.3. புள்ளியியல்படி இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல. மருந்துப் பிரிவில் மூளை இரத்தக்கசிவு கூடியதே (1.0 விழுக்காடு, மறு பிரிவில் 0.2) வலுவான ஆட்சேபம். ஆனால் 75 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு மருந்தைப் பாதியாக்கிய பின் அது 0.5க்கு 0.3 எனச் சுருங்கியது. 36 விழுக்காட்டினருக்கு மருந்து போதாமல் அவசர ஆஞ்சியோகிராம் தேவைப்பட்டது உண்மைதான். மற்றவர்களுக்கு ஆஞ்சியோகிராம் வரை காத்திருக்க அவகாசம் கிடைத்தது.