பெருந்தொற்றுக் காலத்தில் தாதியர் நலன்: பதுளையும் ஊவாத் தோட்டங்களும்

நோயாளரைப் பராமரிப்போரின் உடல்நலம், மனநலம், ஓய்வு, பணியிடப் பாதுகாப்பு, குடும்ப வாழ்வு எல்லாவற்றையும் சேர்த்துத் தாதியர் நலன் என்கிறோம். கொவிட்-19 காலத்தில் இது உலகெங்கும் பேசுபொருளானது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகில் ஏறத்தாழ 1,15,000 சுகாதாரப் பணியாளர்கள் இத்தொற்றால் இறந்திருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த 200ஆவது ஆண்டை ஒட்டி 2020ஐத் தாதியர், மருத்துவிச்சியர் ஆண்டாக அந்நிறுவனமே முன்கூட்டி அறிவித்திருந்தது. விழா எடுக்க வேண்டிய ஆண்டு முகக்கவசத்துக்குள் கழிந்தது.

இடமும் பின்னணியும்

இலங்கையின் ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களால் ஆனது. மாகாணத்தின் பெரிய ஆசுப்பத்திரி பதுளையில் இருக்கிறது. தாதியர் பயிற்சிக் கல்லூரியும் அந்நகரில் உண்டு. பசறை, லுணுகலை, நமுனுகுல, ஹாலிஎல, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை என நாலாபக்கமும் தேயிலைத் தோட்டங்கள். பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். அவர்களில் பெரும்பாலானோர் தோட்ட வழிவந்தவர்கள்.

தோட்ட மக்களுக்கான மருத்துவ ஏற்பாடு கோப்பிக் காலத்திலேயே, 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கியது. ஆனாலும் அரச வைத்தியசாலையும் தோட்ட டிஸ்பென்சரியும் நெடுங்காலம் தனித்தனிப் பாதையிலேயே நடந்தன. டிஸ்பென்சரியில் இருப்பவர் பெரும்பாலும் தோட்ட வைத்திய உதவியாளர். கூடவே ஒரு மருத்துவிச்சி, பிள்ளை மடுவம் எனும் குழந்தைக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண். ஆகவே பதிவுபெற்ற தாதியரோடு மட்டும் கணக்கை முடித்தால் தோட்டத்தின் பாதிக் கதை விடுபட்டுவிடும்.

தியத்தலாவை, 2020

இலங்கையின் முதல் கொவிட் நோயாளியான சீனச் சுற்றுலாப் பயணி 2020 ஜனவரி 27இல் இனங்காணப்பட்டார். பெப்ரவரி 1ஆம் திகதி வூஹானிலிருந்து மத்தளைக்கு வந்திறங்கிய 33 இலங்கை மாணவர்கள் இரண்டு வாரம் தங்கவைக்கப்பட்ட இடம் பதுளை மாவட்டத்தின் தியத்தலாவை இராணுவ முகாம். நாடு ஊரடங்கைக் காணும் முன்பே ஊவா தனிமைப்படுத்தலைக் கண்டுவிட்டது. மார்ச் 20இல் ஊரடங்கு வந்தபோது தேயிலை வேலை மட்டும் நிற்கவில்லை. கொழுந்து பறித்தவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே இல்லை, தாதியருக்கும் இல்லை.

வாட்டுக்குள்

அரச வைத்தியசாலைகளில் தாதியர் முறைவேலை பொதுவாகக் காலை 7 முதல் பிற்பகல் 1, 1 முதல் மாலை 7, இரவு 7 முதல் மறுநாள் காலை 7 என ஓடும். ஆள் பற்றாக்குறையால் ஒரு முறையோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்ப்பது பெருந்தொற்றுக்கு முன்பே வழக்கம். பாதுகாப்பு அங்கி வந்ததும் அதே மணித்தியாலங்கள் வேறு கனம் கொண்டன. அங்கிக்குள் போனால் தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது. கழற்றுவது போடுவதைவிட ஆபத்து: ஒவ்வொரு படியிலும் கை கழுவ வேண்டும், முகத்தைத் தொடக்கூடாது, இறுக்கமான முகக்கவசம் கடைசியில்தான் கழலும். பன்னிரண்டு மணித்தியாலம் நின்றவரின் கவனம் தளர்ந்திருக்கும் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தொற்றுக்கு வாய்ப்பு அதிகம். ‘மனவலிமை’ பற்றிய விரிவுரைகளை விட, முறைவேலையை நான்கு மணித்தியாலமாக உடைத்துத் தரும் ரோஸ்டர் தாதிக்கு அதிகம் உதவும் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

அடுத்தது மொழி. கொவிட் வாட்டுக்குப் பார்வையாளர் வர முடியாது. வழமையாகத் தோட்டத்து நோயாளிக்குச் சிங்களம் பேசித் துணைநிற்கும் மகனோ, வரிசை வீடான லயத்தில் பக்கத்தில் இருப்பவரோ வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். முகக்கவசம் உதட்டசைவையும் மறைத்தது. தோட்டத்து அம்மா ஒருவர் “மேலுக்கு முடியல மிஸ், மூச்சு வாங்குது” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் தமிழ் படித்த சிங்களத் தாதிக்கு ‘வாங்குவது’ கடையில் நடப்பது. ‘மேல்’ என்பது மாடி. தமிழ் தெரிந்த ஒரே தாதி அன்று முறையில் இருந்தால் அவர் தன் கட்டில்களோடு எல்லாக் கட்டில்களுக்கும் மொழிபெயர்ப்பாளராகிறார். அந்த உழைப்பு ரோஸ்டரில் ஏறுவதில்லை.

சாவும் தாதியின் கையில்தான் விழுந்தது. உறவினர் அருகில் இல்லாததால் கடைசி நேரத்தில் உடன் இருந்தவரும், அழைப்பு எடுத்துச் செய்தி சொன்னவரும் பல வேளை தாதியரே. 2021 பெப்ரவரி இறுதிவரை கொவிட் சடலங்களுக்குத் தகனம் கட்டாயமாக இருந்தது. அடக்கம் செய்ய முடியாத முஸ்லிம் குடும்பங்களின் வேதனைக்கு வாட்டில் நின்றவர்களிடம் பதில் இருக்கவில்லை.

வீடும் லயமும்

பஸ் ஓடாத நாட்களில் பசறையிலிருந்தோ ஹப்புத்தளையிலிருந்தோ வேலைக்கு வருவதே ஒரு போராட்டம். விசேட பஸ் பிரதான வீதியில் விட்டுப் போகும். மேட்டுப் பாதையை நடந்து ஏற வேண்டும். வாடகை அறையில் இருந்தவர்களுக்கு வீட்டுக்காரரின் பார்வை மாறியது. பால்குடி மாறாத பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தொலைபேசித் திரையில் பார்த்த தாய்மார் உண்டு.

லயத்தில் தனிமைப்படுத்தல் என்பது வெறும் சொல். ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை, பக்கத்துக் காம்பராவோடு ஒரே சுவர், பல வீடுகளுக்கு ஒரே தண்ணீர்ப் பீலி. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை, பேலியகொடைத் தொற்றுக் கொத்தணிகள் வெடித்தபின், கொழும்புக் கடைகளில் வேலைபார்த்த பிள்ளைகள் தீபாவளிக்கு வீடு திரும்பும் பருவம் வந்தது. யார் வந்தார், யாருக்குக் காய்ச்சல் என்று வீடுவீடாகக் கேட்கும் வேலை மருத்துவிச்சிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் வந்து சேர்ந்தது. அதே லயத்தில் பிறந்து வளர்ந்த மருத்துவிச்சிக்கு இதில் இரட்டைச் சங்கடம்: பெயரைக் கொடுத்தால் உறவு முறியும், கொடுக்காவிட்டால் நோய் பரவும்.

தடுப்பூசியும் போராட்டமும்

2021 ஜனவரி 29இல் தடுப்பூசி தொடங்கியபோது சுகாதாரப் பணியாளர்கள் முன்வரிசையில் இருந்தனர். அச்சம் ஓரளவு தணிந்தது, களைப்புத் தணியவில்லை. ஓகஸ்டில் டெல்டா திரிபு உச்சம்தொட, 20ஆம் திகதி நாடு மீண்டும் மூடப்பட்டு ஒக்டோபர் 1இல் திறந்தது.

தாதியர் சங்கங்கள் 2021 ஜூலை 1, 2ஆம் திகதிகளில் சுகவீன விடுமுறைப் போராட்டம் நடத்தின. 2022 பெப்ரவரி 7இல் சம்பள முரண்பாடு, பதவி உயர்வு முதலிய கோரிக்கைகளோடு ஏனைய சுகாதாரச் சங்கங்களுடன் சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கின. ‘இந்த நேரத்திலா?’ என்று கேட்டோர் பலர். வேறெந்த நேரத்தில் தங்கள் குரல் கேட்கப்பட்டது என்பது தாதியரின் எதிர்க்கேள்வி.

மனநல உதவிக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருந்தது. இரவு முறை முடிந்து தூங்க இடம் தேடுபவர் அதை அழைக்க நேரமும் தேட வேண்டும்.

தொற்று அடங்கிய 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தது. பஸ்கள் குறைந்தன, பெற்றோல் வரிசைகள் நீண்டன, வாட்டில் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தது. பசறை வீதியில் மறுபடியும் நடை.