பிரித்தானிய அந்நியர் சட்டம், 1905

1905 ஆகஸ்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்நியர் சட்டம், அமைதிக் காலத்தில் வெளிநாட்டவர் வருகையைக் கட்டுப்படுத்த அந்நாடு இயற்றிய முதல் நவீனச் சட்டமாகக் கருதப்படுகிறது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளாக லண்டன் துறைமுகத்தில் கடவுச்சீட்டு இல்லாமலே யாரும் இறங்கலாம். 1849இல் கார்ல் மார்க்ஸ் வந்து குடியேறியதும் அந்தக் காலத்தில்தான். புதிய சட்டம் எந்த மதத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் அது யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதில் அன்று எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

வந்தவர்கள்

1881 மார்ச்சில் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். அதன் பின் பேரரசின் தென்மேற்குப் பகுதிகளில் யூதர்மீது கலவரங்கள் வெடித்தன. மறு ஆண்டு வந்த மே சட்டங்கள் அவர்கள் கிராமப்புறங்களில் புதிதாகக் குடியேறுவதைத் தடுத்தன. உயிருக்கு அஞ்சியும், பிழைக்க வழியின்றியும் மக்கள் மேற்கே புறப்பட்டனர். பெரும்பாலோர் அமெரிக்கா சென்றனர். 1881க்கும் 1914க்கும் இடையில் ஒன்றரை லட்சம் பேர்வரை பிரித்தானியாவில் தங்கிவிட்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் மிகப் பலர் சென்று சேர்ந்த இடம் கிழக்கு லண்டனின் ஸ்டெப்னி, வைட்சாப்பல் பகுதிகள்.

1901 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் வெளிநாட்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஸ்டெப்னியிலோ அவர்கள் 50,000 பேருக்கு மேல் இருந்தனர். நாட்டுக்குச் சிறிய எண், ஒரு தெருவுக்குப் பெரிய எண். இந்த விவாதத்தைப் படிக்கும் மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வீடும் கூலியும்

கிழக்கு லண்டனில் வீட்டு வாடகை ஏறியது உண்மை. ஒரே அறையில் இரண்டு குடும்பங்கள் இருந்ததும், திரும்பக் கிடைக்காத முன்பணம் கேட்கப்பட்டதும் உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் ரயில் பாதைக்கும், சரக்குக் கிடங்குகளுக்கும், பள்ளிக்கூடங்களுக்கும், சாலை விரிவாக்கத்துக்குமாக அங்கே வீடுகள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. வீடு குறைந்ததற்கும் ஆள் கூடியதற்கும் சேர்த்து, கண்ணுக்குத் தெரிந்த புதியவர்மீதே பழி விழுந்தது.

கூலியிலும் இதே கதை. புதியவர்கள் தையல், தொப்பி, காலணித் தொழில்களில் சிறு கூடங்களில் நள்ளிரவுவரை உழைத்தனர். இவர்கள் குறைந்த கூலிக்கு இணங்குவதால்தான் உள்ளூர்த் தொழிலாளி வாழ முடியவில்லை என்ற புகார் எழுந்தது. 1888இல் அமைந்த பிரபுக்கள் சபைக் குழு ஒன்று இதை ஆராய்ந்து, இத்தகைய சுரண்டலுக்கு வெளிநாட்டவரே காரணம் என்று சொல்ல முடியாது என்ற முடிவுக்கே வந்தது. இருந்தும் 1895இல் தொழிற்சங்கப் பேராயம் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தக் கோரியது. யூதத் தொழிற்சங்கத்தினர் துண்டறிக்கை வெளியிட்டு அதற்கு மறுமொழி சொன்னார்கள். 1889இல் கிழக்கு லண்டன் யூதத் தையல்காரர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தவர்கள். குறைந்த கூலியே போதும் என்று இருந்தவர்கள் அல்லர். 1912இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, பட்டினி கிடந்த அவர்களின் பிள்ளைகளை யூதக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டன. முந்நூறு பிள்ளைகளுக்கு மேல் என்பார்கள்.

மத வேறுபாடு அன்றாட வாழ்வில் கண்ணுக்குப் பட்டது. சனிக்கிழமை கடையடைப்பு, ஞாயிற்றுக்கிழமை வியாபாரம், இத்திஷ் மொழிப் பெயர்ப்பலகை, தனி இறைச்சிக் கடை. பிரிக் லேன் தெருவில் 1743இல் பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் அகதிகள் கட்டிய தேவாலயம், 1898இல் யூதத் தொழுகைக்கூடமானது. (1976 முதல் அதே கட்டடம் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசல்.) பிரெஞ்சு அகதிகளும் ஒரு காலத்தில் பிழைப்பைப் பறிப்பவர்கள் என்று ஏசப்பட்டவர்களே. ஆனால் 1900 வாக்கில் அவர்களை நல்ல அகதிகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் வழக்கம் வந்துவிட்டது.

சட்டம்

1901இல் 'பிரித்தானியச் சகோதரர் சங்கம்' தோன்றி, பெருங்கூட்டங்கள் நடத்தியது. ஸ்டெப்னி உறுப்பினர் வில்லியம் ஈவன்ஸ்-கோர்டன் இக்கோரிக்கையை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுசென்றார். அவர் இந்தியாவில் பணியாற்றிய முன்னாள் இராணுவ அதிகாரி. 1902இல் அமைந்த அரச ஆணைக்குழுவிலும் அவர் இருந்தார். ஆணைக்குழுவின் 1903 அறிக்கை புதியவர்மீது சுமத்தப்பட்ட பல குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை. எனினும் நெரிசலைக் காட்டிக் கட்டுப்பாட்டைப் பரிந்துரைத்தது. லார்டு ராத்சைல்டு உடன்படவில்லை. நாட்டில் ஏற்கனவே வேரூன்றிய யூதர் எல்லாரும் அவர் பக்கம் நின்றார்கள் என்றும் சொல்ல முடியாது. யூத உறுப்பினர் சிலரே சட்டத்தை ஆதரித்தனர். யூத ஏழையர் பாதுகாப்பு வாரியம் ஆயிரக்கணக்கானோரைக் கிழக்கு ஐரோப்பாவுக்கே திருப்பி அனுப்பியிருந்தது.

சட்டம் ஆட்களைப் பிரித்த விதத்தைக் கவனியுங்கள். இருபதுக்கு மேற்பட்ட வெளிநாட்டு அடித்தட்டுப் பயணிகளை ஏற்றிவரும் கப்பல் மட்டுமே 'குடியேறிகள் கப்பல்'. அதில் வருவோர் தம்மையும் குடும்பத்தையும் காப்பாற்ற வழி உண்டு என்று காட்ட வேண்டும். நடைமுறையில் 5 பவுண்டு கேட்கப்பட்டது. மேல்தட்டில் அறை எடுத்து வந்தவருக்கு இந்தச் சோதனை இல்லை. வாங்கிய சீட்டுதான் ஒருவர் அந்நியரா இல்லையா என்று தீர்மானித்தது.

அப்போதைய பிரதமர் ஆர்தர் பால்ஃபோர். யூதர்க்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் அமைவதை ஆதரித்து 1917இல் அறிக்கை வெளியிட்ட அதே பால்ஃபோர். அந்த அறிக்கையைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். யூத ஏழைகள் லண்டனில் இறங்குவதைத் தடுத்த சட்டமும் அவர் ஆட்சியில் வந்ததுதான் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எனக்கே அது ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மதத்துக்காகவோ அரசியலுக்காகவோ துன்புறுத்தப்பட்டு வருவோரைப் பணமில்லை என்பதற்காக மட்டும் திருப்பி அனுப்பக்கூடாது என்றும் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. ஆனால் தப்பி ஓடிவந்தவர் அதற்குச் சான்று காட்ட வேண்டும். 1905 டிசம்பரில் ஆட்சிக்கு வந்த லிபரல்கள் சட்டத்தை நீக்கவில்லை. ஐயம் எழுந்தால் வந்தவருக்குச் சாதகமாக முடிவெடுக்கும்படி மட்டும் கூறினர். 1906இல் சுமார் ஐந்நூறு பேர் அகதிகளாக அனுமதிக்கப்பட்டனர். 1910இல் அந்த எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. 1919இல் புதிய அந்நியர் சட்டம் வந்தபோது, பழைய சட்டத்தோடு அந்த விலக்கும் மறைந்தது.