பேசக் கிடைத்தவரும் கிடைக்காதவர்களும்

இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ (1972), ‘ஸ்டாக்கர்’ (1979) இரண்டு படங்களையும் கிரைட்டீரியன் நிறுவனம் வீட்டில் பார்க்கும் வட்டுகளாகக் கொண்டுவந்தது. முதலாவது 2002இல் டிவிடியாக வந்தது, அடுத்தது 2017இல். சோலாரிஸ் வட்டின் நேர்காணல்களில் நாயகி நதாலியா போந்தார்ச்சுக் பேசுகிறார். ஸ்டாக்கர் வட்டில் நடிகர்கள் ஒருவரும் இல்லை.

போந்தார்ச்சுக் சொல்லிவரும் கதை சுவையானது. சோலாரிஸுக்கு மூலமான லெம்மின் நாவலைத் தார்க்கோவ்ஸ்கிக்கு அறிமுகம் செய்ததே அவர்தானாம். 1970இல் நடிப்புத் தேர்வுக்கு வந்தவரை, வயது போதாதென்று தார்க்கோவ்ஸ்கி ஒதுக்கிவிட்டார். ஆனால் இயக்குநர் லாரிசா ஷெபித்கோவிடம் சிபாரிசு செய்தார். ஷெபித்கோ படத்தில் அவர் நடித்ததைப் பார்த்த பிறகுதான் ஹாரி வேடம் கொடுத்தார். முப்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லிக் கதைக்கு மெருகு ஏறியிருக்கும். நடிகர்களின் நினைவை நான் அப்படியே நம்புவதில்லை. இருந்தும் அந்தப் பேச்சுக்கு ஈடில்லை. படத்தில் திரவ ஆக்சிஜனைக் குடித்து இறந்த ஹாரி, தரையில் துடித்துத் துடித்து உயிர்த்தெழுகிறாள். அதே வட்டில் பேசும் ஒளிப்பதிவாளர் யூசொவ் அதை எப்படிப் படம்பிடித்தார் என்று சொல்லலாம். அந்த உடம்புக்குள் இருந்தவர் ஒருவர்தான். இத்தகைய நடிகரிடம் படத்தின் பொருளைக் கேட்பது வீண்வேலை. ஒத்திகை பார்த்தார்களா, இயக்குநர் என்ன சொல்லிவிட்டு நகர்ந்தார் என்று கேட்டால் போதும்.

நாயகன் பனியோனிஸ் அப்போது உயிரோடு இருந்தும் அந்த வட்டில் இல்லை. படத்தில் அவருக்குக் குரல் கொடுத்தவர் ஸமான்ஸ்கி என்பதால், பாதி நடிப்புக்கு வேறொருவரையும் தேடிப்போக வேண்டியிருந்திருக்கும்!

ஸ்டாக்கரின் கதை வேறு. கதையில் வரும் தடை மண்டலத்துக்குள் நடந்துபோன மூவராக நடித்தவர்களில் சொலோனித்சின் 1982இலும் கிரிங்கோ 1989இலும் கைதனோவ்ஸ்கி 1995இலும் இறந்தார்கள். ஆகவே கலை வடிவமைப்பாளர் சஃபியுலின், ஒளிப்பதிவாளர் க்னியாஷின்ஸ்கி, இசையமைப்பாளர் அர்த்தேமியெவ் ஆகியோரின் பழைய நேர்காணல்கள் வட்டில் இருக்கின்றன. முதலில் எடுத்த படச்சுருள் கழுவும்போதே கெட்டுப்போய், ஒளிப்பதிவாளர்கள் மாறி, தாலினுக்கு அருகே மீண்டும் எடுக்கப்பட்ட படம் இது. தொழில்நுட்பக் கலைஞர்களின் பேச்சு இந்தப் படத்துக்குப் பொருத்தம்தான். மண்டலமே அவர்கள் கையால் ஆனது. ஆனால் நீர் சூழ்ந்த ஈரத்தில் முகம் பதித்துக் கிடந்தவனுக்கு எப்படி இருந்தது என்று அவர்களால் சொல்ல முடியாது. ஸ்டாக்கராக நடித்த கைதனோவ்ஸ்கி பின்னாளில் இயக்குநராகவும் ஆனவர். கேமராவின் இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு சாட்சி நமக்குக் கிடைக்காமல் போனது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மரணத்தைக் காரணம் காட்ட முடியாது. ஸ்டாக்கரின் மனைவியாக நடித்த அலிசா ஃப்ரைந்த்லிக், படத்தின் கடைசிப் பகுதியில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்துப் பேசுகிறார். பேட்டிக்கு உட்கார்ந்தவரைப் போலவே இருப்பார். 2017இல் அவர் உயிரோடுதான் இருந்தார்.