பாரசீக வெள்ளியும் ஜகாத்தின் திர்ஹமும்

ஐம்பத்திரண்டரை தோலா வெள்ளி இருப்பின் ஜகாத் கடமை என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளும் அறிவர். மார்க்க நூல்கள் கூறும் அளவோ இருநூறு திர்ஹம். அந்தத் திர்ஹம் ஆதியில் அரபுகள் வார்த்த நாணயமன்று, பாரசீகத்திலிருந்து வந்தது.

முதலாம் தாரா மன்னர் (கி.மு. 522–486) வில்லேந்திய அரசனின் உருவம் பொறித்த பொற்காசை வெளியிட்டார். இருபது வெள்ளிக்காசு அதற்கு ஈடு. ஆயினும் பாரசீக வெள்ளி உலகச் சந்தையில் புகழ் பெற்றது சாசானியர் (கி.பி. 224–651) காலத்திலேதான். அகன்று மெலிந்த தகடு, சுமார் நான்கு கிராம் எடை. ஒருபுறம் கிரீடம் தரித்த மன்னர், மறுபுறம் நெருப்புப் பீடம். கிரேக்கரின் 'திரக்மா' என்ற சொல்லே பாரசீகர் நாவில் திரிந்து, அரபியில் 'திர்ஹம்' ஆயிற்று.

இந்நாணயம் நம் நாட்டையும் விட்டுவைக்கவில்லை. பேரோஸ் மன்னர் (459–484) ஹூணரிடம் தோற்று ஈடாகக் கொடுத்த வெள்ளியைப் பார்த்து அவர்கள் நகல் வார்த்தனர். அந்த வார்ப்பு குஜராத், ராஜஸ்தான் வரை பரவியது. நகலுக்கு நகல் எடுக்க எடுக்க மன்னரின் முகம் வெறும் கோடும் புள்ளியுமாய்த் தேய்ந்தது. மக்கள் அதற்கு 'கதையா' என்று பெயரிட்டனர். கழுதைக் காசு என்று கேலியாகப் பொருள் சொல்வாரும் உண்டு! கேலி ஒருபுறமிருக்க, காசு பல நூற்றாண்டுகள் செலாவணியில் இருந்தது.

ஈரான் முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்தபோது நாணயச் சாலைகள் மூடப்படவில்லை. ஹிஜ்ரி 31 அளவில், குஸ்ரூவின் முகமும் நெருப்புப் பீடமும் அப்படியே இருக்க, ஓரத்தில் 'பிஸ்மில்லாஹ்' மட்டும் பொறிக்கப்பட்டது. இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். அது சஹாபாக்கள் வாழ்ந்த காலம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பழகிய காசை ஒரே நாளில் விலக்கினால் சந்தை முடங்கும். வரியும் ஜகாத்தும் உடன் முடங்கும். அவர்கள் வெள்ளியைப் பார்த்தார்கள், உருவத்தையன்று.

கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் தீனாரையும் 79இல் திர்ஹமையும் உருவமின்றி, கலிமாவும் இறைவசனமும் மட்டும் தாங்கியதாக மாற்றினார். எடையில்தான் சிக்கல். முன்பு 20, 12, 10 கீராத் என மூவகைத் திர்ஹம் வழங்கின என்றும், மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 14 கீராத் என நிறுவினர் என்றும் பழைய ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். பத்துத் திர்ஹம் ஏழு மித்கால் என்ற சட்டநூல் கணக்கு இதனோடு பொருந்துகிறது.

மித்கால் 4.25 கிராம் எனக் கொண்டால் திர்ஹம் 2.975, இருநூறு திர்ஹம் 595 கிராம். நம் தோலாக் கணக்கோ சுமார் 612 காட்டும். சேலத்துக் கொலுசுப் பட்டறைத் தராசில் பதினேழு கிராம் அற்பமன்று. அறுநூறு கிராம் வெள்ளி வைத்திருக்கும் குடும்பம் ஒரு கணக்கின்படி ஜகாத் கொடுக்க வேண்டும், மற்றதன்படி வேண்டியதில்லை.