திருமலை க்யூ முதல் மாம்பழ டிராக்டர் வரை: கணக்கு படிக்காதவர்களுக்குக் கணித மாடலிங் கற்றுத்தருவது எப்படி?

‘வைகுண்டம் க்யூ காம்ப்ளக்ஸின் 31 அறைகளும் நிரம்பின, சிலாதோரணம் வரை வரிசை, இலவச தரிசனத்துக்கு 16 மணி நேரம்.’ விடுமுறை நாட்களில் இப்படி ஒரு செய்தி உங்கள் போனுக்கும் வந்திருக்கும். கிளம்பலாமா, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாமா என்று வீட்டில் பேச்சும் நடந்திருக்கும். அந்த 16 போன்ற ஒரு எண்ணை நாமே கணக்கிட முடியுமா என்று யோசித்திருக்கிறீர்களா?

முடியும். அதற்குக் கால்குலஸ் வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் போதும். பி.ஏ., பி.காம் மாணவர்களுக்குக் கணித மாடலிங்கை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், திருப்பதியிலும் சித்தூரிலும் பாடம் கல்லூரிக்கு வெளியே க்யூ கட்டி நிற்கிறது.

மாடலிங் என்றால் என்ன?

நிஜ உலகக் கேள்வி ஒன்றை எண்களாக மாற்றி, விடை கண்டு, அது நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்று திரும்பிப் பார்ப்பது. அவ்வளவுதான். ‘ராமுவிடம் 12 மாம்பழங்கள் இருந்தன’ வகைக் கணக்கு இதில் சேராது. அங்கே தேவையான எண்கள் கேள்விக்குள்ளேயே இருக்கும். மாடலிங்கில் எந்த எண் வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்யணும். அமெரிக்காவின் சியாம், கோமாப் அமைப்புகள் 2016-ல் வெளியிட்ட கற்பித்தல் வழிகாட்டியும் இதைத்தான் வலியுறுத்துகிறது: தேர்வுகளை மாணவரே செய்ய வேண்டும், மதிப்பீடு விடையைவிட அதை அடைந்த வழியைப் பார்க்க வேண்டும்.

திருமலை வரிசையை எப்படிக் கணக்கிடுவது?

ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கை = ஒரு மணி நேரத்தில் வந்து சேர்பவர்கள் × ஒருவர் காத்திருக்கும் நேரம். வருகிற வேகமும் நகர்கிற வேகமும் ஏறக்குறைய சமமாக இருந்தால், நிற்பவர்களை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும்.

ஒரு நாளில் 70,000 பேர் தரிசனம் செய்கிறார்கள், கோயில் 20 மணி நேரம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 3,500 பேர். உங்களுக்கு முன்னால் 28,000 பேர் என்றால் காத்திருப்பு 8 மணி நேரம்.

ஆனால் செய்தி 16 என்கிறதே? இந்த இடத்தில்தான் வகுப்பு சூடுபிடிக்கும். யாராவது ஒரு மாணவி எழுந்து, “300 ரூபாய் டிக்கெட்காரர்களும் அதே சன்னதிக்குத்தானே போகிறார்கள்?” என்று கேட்பார். கேட்கணும். அந்த 3,500-ல் பாதி இடம்தான் இலவச வரிசைக்கு என்று அனுமானத்தை மாற்றினால் வேகம் 1,750 ஆகிறது. காத்திருப்பு 16 மணி நேரம். சூத்திரத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, விடை இரட்டிப்பாகிவிட்டது. (இவை வகுப்புக்காக எடுத்துக்கொண்ட எண்கள், தேவஸ்தானம் தினமும் வெளியிடும் தரிசன எண்ணிக்கையைப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.)

சராசரி எப்போது ஏமாற்றும்?

வங்கி கவுன்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சராசரியாக ஒரு நிமிட வேலை. காசாளர் 80% நேரம் பிஸி என்றால், வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாடல்படி நீங்கள் சராசரியாக 4 நிமிடம் நிற்பீர்கள். 90% என்றால் 9 நிமிடம், 95% என்றால் 19. கூட்டம் கொஞ்சம்தான் கூடியது, காத்திருப்பு பல மடங்கு ஆனது. ஆட்கள் சீராக வருவதில்லை என்பதே காரணம்.

இதைவிடக் கடுமையான பாடம் 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியிலேயே நடந்தது. வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கன் வாங்கத் திரண்ட கூட்டத்தில் சிக்கி 6 பேர் இறந்தார்கள். பொறுப்பு யாருடையது என்பது விசாரணைக்குரிய விஷயம். மாடலிங் வகுப்பு கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு நாளில் எத்தனை பேர் என்ற சராசரி அந்த மாலைக்கு உதவாது; ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் எத்தனை பேர் என்பதுதான் எண்.

சதுர மீட்டருக்கு 5 பேரைத் தாண்டினால் கூட்ட நெரிசல் ஆபத்தாகும் என்பது பாதுகாப்பு நிபுணர்கள் பயன்படுத்தும் அளவு. சமதளத்தில், ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்குச் சுமார் 80 பேர் கடக்கலாம் என்பது இன்னொரு அளவு. 1,000 சதுர மீட்டர் மைதானத்தில் 5,000 பேர், 2 மீட்டர் கேட் ஒன்று. எல்லோரும் வெளியேற அரை மணி நேரம், அதுவும் யாரும் முண்டியடிக்காமல் நகர்ந்தால். டேப் வைத்துத் தங்கள் கல்லூரி ஆடிட்டோரியத்தையே மாணவர்கள் அளந்து பார்க்கலாம்.

மாம்பழத்துக்கும் க்யூவா?

ஆமாம். நம் ஊரில் கிளிமூக்கு, பெங்களூரா என்று சொல்லும் தோத்தாபுரி சித்தூரின் முக்கியப் பயிர். 2025 சீசனில் விலை சரிந்து, மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் காத்துக் கிடந்தன. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. வெளிமாநில தோத்தாபுரி சித்தூருக்குள் வரத் தடை விதிக்கப்பட, கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

எக்செல் திறந்து நான்கு பத்திகள் போடுங்கள்: நாள், வரும் டன், அரைக்கும் டன், மிச்சம். தினமும் 300 டன் வருகிறது, ஆலை 200 டன்தான் அரைக்கும் என்றால் பத்தாம் நாள் 1,000 டன் வாசலில் நிற்கும். டிராக்டருக்கு 5 டன் என்றால் 200 டிராக்டர்கள். அன்று வருபவருக்கு 5 நாள் காத்திருப்பு. பழுத்த பழம் 5 நாள் தாங்காது. லிட்டில் விதி இங்கே நேரடியாகப் பொருந்தாது, ஏனென்றால் இந்த வரிசை நிலைப்படாமல் வளர்ந்துகொண்டே போகிறது. அதைக் கண்டுபிடிப்பதும் பாடம்தான்.

இப்போது கொள்கையைச் சோதியுங்கள். தடையால் வரத்து 250 டன்னாகக் குறைந்தால் வரிசை வளரும் வேகம் பாதியாகும், நிற்காது. கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் விவசாயியின் நஷ்டத்தைக் குறைக்கும். ஆலையின் அரைக்கும் திறனைத் தொடாது. பொருளாதார மாணவர் ஒருவர் இதை அரைப் பக்கத்தில் எழுதிவிட்டால், தொலைக்காட்சி விவாதம் ஒன்றைவிட அது மேல் என்பேன்.

கல்லூரியில் இதற்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. திருப்பதியில் ஐஐடியும் ஐஐஎஸ்இஆரும் 2015-ல் வந்தன. மாடலிங் என்றதும் அந்த வளாகங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் யுஜிசியின் 2022 டிசம்பர் பாடத்திட்டக் கட்டமைப்பு, எல்லா இளநிலை மாணவர்களுக்கும் பல்துறைப் பாடங்களாக 9 கிரெடிட் ஒதுக்குகிறது. அதில் தேர்ந்தெடுக்கக்கூடிய பிரிவுகளில் ஒன்று கணிதம், புள்ளியியல், கணினிப் பயன்பாடு. 3 கிரெடிட் தாளாக இதை வைக்கலாம்.

சிக்கல் தேர்வில்தான். ‘லிட்டில் விதியை எழுதி நிரூபி’ என்று 10 மதிப்பெண் கேள்வி வந்த அன்றே இந்தத் தாள் மனப்பாடத் தாளாகிவிடும். பதிலாக, மூன்று பேர் கொண்ட குழுவை ஆர்டிசி பஸ் ஸ்டாண்டுக்கோ மாங்கூழ் ஆலைக்கோ அனுப்பி ஒரு மணி நேரம் எண்ணச் சொல்லலாம். 40 மதிப்பெண் அனுமானங்களுக்கு, 20 கணக்குக்கு, 40 விடை எங்கே தவறியது என்று அவர்களே எழுதும் பகுதிக்கு.